சிறு யந்திரமும் மில்லிங் கட்டரும்

(சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்திலே பாப்பாமோட்டையில் நிகழ்த்திய பேச்சு)



திருக்கேதீச்சரப் பெருமானை மனத்தில் இருத்தி எமது பேச்சை ஆரம்பிக்கிறோம். இச்சபையிலே சமயத்தைப் பற்றியோ தமிழைப் பற்றியோ பேசுவதே வழக்கம். இன்று நாம் எடுத்துக்கொண்ட விஷயமோ சுண்டுவிரல் நீளமுமில்லாத ஓர் உலோகத் துண்டு. மில்லிங் கட்டர் என்று அதைச் சொல்கிறார்கள். இதைப் பற்றிப் பேசத் துணிந்ததற்கு ஒரு காரணம் உண்டு. நாம் செய்த ஒரு பிழையை உங்கள் முன் ஒப்புக்கொள்ளவேண்டிய கடமை எமக்கிருக்கிறது. பிழையை மட்டும் சொல்லி இறங்கிவிட்டால் உங்களுக்குப் பிரயோசனம் இல்லை. ஆகவே அது எப்படி நேர்ந்தது, எப்படித் திருந்திற்று என்பதையும் சேர்த்துச் சொல்கிறோம்.

கோவிற் கதவுக்குத் தாமரைப்பூப் பொறித்த மூன்று சிறு பலகைகள் செய்து தருவதாக நாம் ஏற்றுக்கொண்டதை நீங்கள் அறிவீர்கள். ஊர்ப் பெரியவர் ஒருவர் அதற்கு முதிரைப் பலகை தந்தார். 2008 இல் ஊர் பெயர்ந்தபோது அவர் வீட்டிலே விட்டுச்சென்ற பலகை அது. எம்மிற் பலர் அப்போது சிறு பிள்ளைகள். மீண்டு வந்து பார்த்தபோது கூரையில்லை, கதவில்லை. இந்தப் பலகை மாத்திரம் சுவரோடு சாய்ந்தபடி இருந்ததாம். அதிலிருந்து மூன்று துண்டு வெட்டலாம். நான்காவது துண்டுக்கு இடமில்லை. அம்மூன்றில் முதலாவதை நாம் கருக்கிவிட்டோம். பெரியவர் இச்சபையில் அமர்ந்திருக்கிறார். அவர் எம்மை ஒரு வார்த்தையும் கடிந்து பேசவில்லை. அதுவே எமக்குப் பெரிய தண்டனையாயிற்று.

யந்திரத்தைப் பற்றி முதலிற் சொல்லவேண்டும். அறிந்தவர்கள் பொறுத்துக்கொள்க. சி.என்.சி. என்பது கணினி கொடுக்கும் எண்களின்படி கட்டரை நடத்திச் செல்லும் யந்திரம். ஹெலிகொப்டர் விசிறியின் அலகுகளைத் திருத்தமாகச் செய்ய வழி தேடிய ஜோன் பார்சன்ஸ் என்ற அமெரிக்கரின் யோசனையிலிருந்து இது பிறந்தது. 1952 இல் மசச்சூசெற்ஸ் தொழில்நுட்பக் கழகத்திலே அத்தகைய யந்திரம் காட்டப்பட்டது. அன்று அஃது ஓர் அறையை அடைத்து நின்றது. இன்று எமது சங்கத்து மேசையில் இருப்பது 3018 என்னும் வகை. 30 சென்ரிமீற்றர் நீளமும் 18 சென்ரிமீற்றர் அகலமுமே அது வேலை செய்யும் பரப்பு. அந்த அளவே அதற்குப் பெயருமாயிற்று. நோர்வே நாட்டவரான சிமென் ஸ்கொக்ஸ்ருட் 2009 இல் எழுதி இலவசமாக உலகுக்கு விட்ட ஒரு நிரலே இத்தகைய பல யந்திரங்களை இயக்குகிறது. இதன் மோட்டர் நிமிடத்துக்குச் சுமார் 10,000 சுற்றுச் சுற்றும். வேகம் உண்டு, பலம் இல்லை. சட்டத்தைக் கையாற் பிடித்து அசைத்தால் அசையும். இதை நாம் மறந்ததே முதற்பிழை.

இரண்டாவது பிழை கட்டரிலே. யந்திரத்தோடு வந்த சிறு பெட்டியிலே ஊசிபோன்ற பத்துக் கட்டர்கள் இருந்தன. நுனி 0.1 மில்லிமீற்றர். இவை செப்புத் தகட்டிலும் பிளாஸ்ரிக்கிலும் எழுத்துக் கீறுவதற்கானவை. பெட்டியிலே வந்தவை யாதலால் எல்லாவற்றுக்கும் உரியவை என்று எண்ணிவிட்டோம். முதிரையிலே இறக்கிய ஒரு நிமிடத்துக்குள் நுனி முறிந்தது. இரண்டாவதும் முறிந்தது. நாம் படித்த மிஷன் பாடசாலையின் மரவேலை அறையிலே, சுவர் முழுவதும் உளிகள் அளவுவாரியாகத் தொங்கிக்கொண்டிருக்கும். ஏன் இத்தனை என்று நாம் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அந்த இரண்டு ஊசிகளும் தப்பியிருக்கும்.

பிறகு 3.175 மில்லிமீற்றர், அதாவது அங்குலத்தில் எட்டிலொரு பங்கு விட்டமுள்ள இரட்டைப் பற் கட்டர் ஒன்றை வருவித்தோம். இம்முறை மிகுந்த நிதானத்துடன் நடந்தோம். மரம் கடினமானது, மெதுவாகப் போகட்டும் என்று நிமிடத்துக்கு 100 மில்லிமீற்றர் வேகமே கொடுத்தோம். கட்டர் முறியவில்லை. ஆனால் சிறிது நேரத்திலே சாம்பிராணிப் புகைபோல ஒன்று எழுந்தது. தூள் மாவாய்ப் பறந்தது. பூவிதழின் ஓரங்கள் கறுத்தன. இன்னும் மெதுவாக்கினோம். இன்னும் கறுத்தது. அச்சமயம் ஆசாரியார் அப்பு வாசலிலே வந்து நின்றார். காதைச் சாய்த்துச் சத்தத்தைக் கேட்டார். கீழே கிடந்த தூளை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"தம்பிமார், உது வெட்டேல்லை, உரஞ்சுது" என்றார்.

யந்திரத்தை நிறுத்தினோம். இரண்டு நாள் அந்த வார்த்தையை யோசித்தோம். பின்பு பல்கலைக்கழகத்திலே படித்த கணக்கை எடுத்து வைத்துப் பார்த்தபோது அப்பு சொன்னதே கணக்கிலும் வந்தது.

அந்தக் கணக்கு இதுதான். நிமிடத்துக்கு 10,000 சுற்று. கட்டருக்குப் பல் இரண்டு. எனவே நிமிடத்துக்கு 20,000 தடவை ஒரு பல் மரத்தைக் கடிக்கிறது. அந்த நிமிடத்தில் யந்திரம் முன்னேறுவது 100 மில்லிமீற்றர். 100 ஐ 20,000 ஆற் பிரித்தால் ஒரு கடிக்கு 0.005 மில்லிமீற்றர். மனிதரின் தலைமயிர் சுமார் 0.07 மில்லிமீற்றர் தடிப்பு என்று கொண்டால், அந்த மயிரில் பதினாலில் ஒரு பங்கு! எவ்வளவு கூரான பல்லுக்கும் அதன் விளிம்பிலே சிறிது மழுக்கம் உண்டு. அம்மழுக்கத்திலும் மெல்லியதாய்ச் சீவ முற்பட்டால் பல் மரத்துக்குள் இறங்காது. அதன் மேலே வழுக்கித் தேய்க்கும். தேய்த்தால் சூடு பிறக்கும். ஒழுங்காக வெட்டும்போது உண்டாகிற சூட்டிற் பெரும்பங்கைச் சீவல் தன்னோடு எடுத்துக்கொண்டு விழுந்துவிடும். சீவலே இல்லாதபோது அச்சூடு எங்கே போகும்? பல்லிலும் பலகையிலும் தங்கும். பலகை கருகும், பல் மழுங்கும், மழுங்கிய பல் இன்னும் அதிகமாகத் தேய்க்கும்.

ஆகவே பயந்து மெதுவாக்கியதே எமது பலகையை எரித்தது. பயப்படவேண்டிய இடம் வேறு. முன்னேறும் வேகத்தைக் குறைக்காமல், ஒருமுறைக்கு இறங்கும் ஆழத்தைக் குறைத்திருக்கவேண்டும். பலமற்ற யந்திரத்துக்கு இதுவே வழி. கழிவுத் துண்டொன்றை மாட்டி, ஆழத்தை 0.5 மில்லிமீற்றராக்கி, வேகத்தை 400, 600, 800 என்று ஏற்றிப் பார்த்தோம். 800 இல் ஒரு கடிக்கு 0.04 மில்லிமீற்றர். சத்தம் மாறிற்று. கிரீச்சென்ற ஓலம் போய்ச் சீரான ஓர் இரைச்சல் வந்தது. மேசையிலே மாவுக்குப் பதிலாகத் துருவிய தேங்காய்ப்பூப்போலச் சீவல் விழுந்தது. அதைக் கையில் அள்ளிப் பார்த்தோம், சூடில்லை.

இனிக் கட்டரைத் தெரிவது எப்படி என்பதற்கு வருவோம். கடையிலே நூறுவகை காட்டுவார்கள். பார்க்கவேண்டியவை சிலவே.

பல் எத்தனை என்பது முதலாவது. பல் அதிகமானால் வேலை நன்றாயிருக்கும் என்று எண்ணுவது இயல்பு. ஆனால் இரண்டு பற்களுக்கிடையிலுள்ள திருகு வாய்க்கால் வழியாகவே சீவல் வெளியேறவேண்டும். பல் கூடக்கூட வாய்க்கால் ஒடுங்கும். நான்கு பல் இருந்தால் ஒரு கடியின் அளவும் பாதியாய்விடும். அதாவது முன்சொன்ன உரஞ்சல் மறுபடியும் வரும். நான்கு பல் இரும்புக்கும் கனத்த யந்திரத்துக்கும் உரியது. மரத்துக்கு இரண்டு போதும். பிளாஸ்ரிக்குக்கும் அலுமினியத்துக்கும் ஒற்றைப் பல்லே உத்தமம். அவை சூட்டிலே இளகி வாய்க்காலை அடைத்துக்கொள்ளும்.

திருகு எந்தப் பக்கம் என்பது இரண்டாவது. வழக்கமான கட்டர் சீவலை மேலே இழுத்து எறியும். துவாரம் சுத்தமாயிருக்கும், ஆனால் பலகையின் மேற்பரப்பிலுள்ள நாரையும் கூடவே கிளப்பிவிடும். எமது இரண்டாவது பரீட்சைத் துண்டு சீவாத தாடிபோல இருந்ததற்குக் காரணம் இதுவே. எதிர்த்திசையிலே திருகிய கட்டர் நாரைக் கீழே அமுக்கி வெட்டும். ஓரம் கத்தரித்ததுபோல வரும். ஆழமான குழியிலே மட்டும் அது சீவலை உள்ளேயே இடித்து நிரப்பிவிடுகிறது. அடியில் ஒருவாறும் மேலே ஒருவாறும் திருகியவையும் உண்டு. அவை ஒட்டுப்பலகைக்கானவை, எமக்கு அவசியமில்லை.

மூன்றாவது நுனி. தட்டை நுனி தளத்தைச் சமமாக்கும். பூவிதழின் வளைவுக்கு உருண்டை நுனி வேண்டும். இதிலே ஒரு சங்கதி உண்டு. கட்டரின் வெளிவிளிம்பு நிமிடத்துக்கு ஏறக்குறைய 100 மீற்றர் வேகத்தில் ஓடுகிறது. உருண்டை நுனியின் நடுப்புள்ளியோ இருந்த இடத்திலேயே சுழல்கிறது. அதற்கு வெட்டும் வேகமே இல்லை. அதனால் சமதளத்தில் அதை ஓட்டினால் நடுவிலே உரஞ்சும். தட்டை நுனியாற் பெரும்பகுதியை எடுத்துவிட்டு, கடைசியிலே வளைவுகளுக்கு மாத்திரம் உருண்டையை மாட்டவேண்டும். அது போகும் கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் இடைவெளி 1 மில்லிமீற்றரானால், 3.175 கட்டர் சுமார் 0.08 மில்லிமீற்றர் உயரமுள்ள வரம்புகளை விட்டுச்செல்லும். விரலாலே தடவினாற் தெரியும். இடைவெளியை 0.3 ஆக்கினால் வரம்பு 0.007 ஆகிக் கண்ணுக்கு மறைந்துவிடும். ஆனால் 15 சென்ரிமீற்றர்ச் சதுரப் பலகைக்கு 500 கோடுகள் ஓடவேண்டும். மொத்தம் 75 மீற்றர். எமது வேகத்திலே ஒன்றரை மணி நேரத்துக்கு மேல். வயலை நெருக்கமாய் உழுவதற்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை.

உலோகம் எதுவென்பதும் உண்டு. அமெரிக்கரான பிரெடெறிக் ரெயிலர் உலோகம் வெட்டும் வித்தையை 26 வருடம் பரீட்சித்து 1906 இல் வெளியிட்டார். அவரும் வைற் என்பவரும் கண்ட உருக்கு, 1900 ஆம் ஆண்டுப் பாரிஸ் கண்காட்சியிலே நுனி சிவக்கக் காய்ந்த நிலையிலும் வெட்டிக் காட்டியது. அதிவேக உருக்கு என்பது அது. 1920 களின் பிற்பகுதியில் ஜெர்மனியின் குறுப் தொழிற்சாலை ரங்ஸ்ரன் காபைட்டை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதற்கு அவர்கள் இட்ட விடியா என்னும் பெயருக்கு 'வைரம்போல்' என்று பொருள். காபைட் கடினமானது, ஆனால் கண்ணாடிபோலச் சடுதியில் முறியும். உருக்கு வளைந்து கொடுக்கும். ஆனால் சீக்கிரம் மழுங்கும். எம்மூரில் இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். கடற்காற்றிலே உருக்குக் கட்டரை எண்ணெய் பூசாமல் வைத்தால் மாரி முடியமுன் துருப்பிடித்துவிடும்.

மரத்தைக் கேட்டே கட்டரைத் தெரியவேண்டும். வேம்பு இணக்கமானது. முதிரையும் பாலையும் கடினம். தேக்கு மென்மையாய்த் தோன்றினாலும் அதிலுள்ள மணற்சத்து கூரைத் தின்றுவிடும். எல்லாவற்றிலும் வில்லங்கமானது பனை. வைரத்திலே கறுத்த நார்கள் கம்பிபோல நெருங்கியிருக்கும். இடையே மென்மையான சோறு. பல்லுக்கு ஒரு கணம் கம்பி, ஒரு கணம் பஞ்சு. உருக்குக் கட்டர் அங்கே நிலைக்காது. சோளப்பொத்திபோல மேற்பரப்பெங்கும் சிறு பற்கள் உள்ள ஒருவகைக் காபைட் கட்டர் இருக்கிறது. மின்சுற்றுப் பலகைகளை அறுப்பதற்காகச் செய்தது அது. பனையின் நாரைக் கிளப்பாமல் அறுப்பதற்கு எமக்கு அதுவே உதவிற்று.

பொருளறிந்து பல்லைத் தெரிவது இம்மண்ணுக்குப் புதிதன்று. எமக்குப் பக்கத்திலே மாந்தைத் துறைமுக மேட்டை 1980 முதல் 1984 வரை ஜோன் காஸ்வெல் முதலியோர் அகழ்ந்தபோது, வெளிவந்தவற்றுள் அறுபட்ட சங்குத் துண்டுகளும் இருந்தன. அகநானூற்றிலே சங்குவளை அறுப்போனுடைய வாளரம் பேசப்படுகிறது. வாளுமாய் அரமுமாய் இருக்கும் கருவி என்பதைப் பெயரே காட்டுகிறது. மன்னார்க் குடாவிலே குளித்தெடுத்த சங்கு கப்பலேறி வங்காளத்துக்குப் போயிற்று. டாக்காவின் சங்காரிகள் நிலத்தில் அமர்ந்து, சங்கைக் காலால் அணைத்துப் பிடித்து, பிறைவடிவான கனத்த வாளால் வளையலாக அறுத்தார்கள். ஜேம்ஸ் ஹோர்னல் 1914 இல் எழுதிய சங்கைப் பற்றிய நூலிலே அதை விவரித்திருக்கிறார். மரம் அறுக்கும் வாளாற் சங்கை அறுக்க அவர்கள் முயன்றிருக்கமாட்டார்கள். 2022 இல் கும்பாபிஷேகம் நடந்த எமது கேதீச்சரத் திருப்பணியிலே கருங்கல் உளிகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள்; அவற்றைக் கொண்டு எவரும் பலகை செதுக்குவதில்லை. இதையெல்லாம் கண்ணால் கண்டிருந்தும், பெட்டியிலே வந்த ஊசியை முதிரையில் இறக்கினோமே!

கட்டரைப் பூட்டுவதிலும் விஷயம் உண்டு. வெளியே எவ்வளவு நீட்டுகிறோம் என்பது பெரிது. நீளம் இரட்டித்தால் அதே விசைக்குக் கட்டர் எட்டு மடங்கு வளையும். விட்டம் பாதியானால் பதினாறு மடங்கு. ஆகவே வேலைக்குப் போதுமான மிகத் தடித்த கட்டரை, போதுமான மிகக் குறைந்த நீளத்துக்கு வெளியே விட்டுப் பூட்டவேண்டும். கொலெற் என்னும் பிடிவளையத்துக்குள் ஒரு துளி மரத்தூள் இருந்தாலும் கட்டர் நடுவிலே நில்லாமல் தள்ளாடும். தள்ளாட்டம் 0.04 மில்லிமீற்றரானால், எமது கடியின் அளவும் அதுவேயாதலால், ஒரு பல் மொத்த வேலையையும் செய்ய மற்றப் பல் சும்மா சுற்றும். இரண்டு பேர் சுமக்கவேண்டிய பல்லக்கை ஒருவன் சுமப்பதுபோல! இப்போது ஒவ்வொரு முறையும் பழைய பற்தூரிகையால் கொலெற்றைத் துடைத்தே பூட்டுகிறோம்.

கட்டர் போகும் திசையையும் பார்க்கவேண்டும். மேலேயிருந்து பார்க்கக் கட்டர் வலஞ்சுழியாய்ச் சுற்றுகிறது. வெட்டப்படும் மரம் கட்டரின் வலப்பக்கம் இருக்கும்படி நடத்தினால், பல் தடித்த கடியோடு புகுந்து மெல்லியதாய் வெளியேறும், ஓரம் பளபளக்கும். ஆனால் அப்போது கட்டர் தானாகவே மரத்துக்குள் இழுத்துக்கொண்டு ஓடப்பார்க்கும். எமது யந்திரம்போல ஆட்டமுள்ளதிலே அஃது ஆபத்து. ஆகையால் பெருவெட்டை மரம் இடப்பக்கமிருக்க நடத்தி, கடைசி மெல்லிய சீவலை மட்டும் வலப்பக்கமாக எடுக்கிறோம்.

பெற்றோருக்காக ஒரு வார்த்தை. முறிந்த கட்டர்த் துண்டு எங்கே பறக்கும் என்று எவராலும் சொல்லமுடியாது. கண்ணாடி அணியாத பிள்ளையை நாம் மேசையண்டை விடுவதில்லை. கையுறை ஆகாது, சுழலும் கட்டர் அதைப் பற்றிக் கையையும் இழுத்துவிடும். சால்வை, தொங்கும் கூந்தல், அவிழ்ந்த சாரத் தலைப்பு எல்லாம் அப்படியே. மரத்தூள் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1995 இல் வகைப்படுத்தியது. ஆகவே முகமூடி வேண்டும். சோழகம் வீசும்போது யன்னலைத் திறந்துவைத்தால் காற்று தூளைக் கொண்டுபோகும் என்று நாம் எண்ணினோம். அது தூளை எம் கண்ணுக்கே கொண்டுவந்தது. இப்போது பழைய தூசுறிஞ்சி ஒன்றின் குழாயைக் கட்டர் அருகே கட்டியிருக்கிறோம்.

இரண்டாவது பலகை முடிந்துவிட்டது. அதோ மேசையின்மேல் இருக்கிறது. கூட்டம் முடிந்ததும் வந்து தொட்டுப் பாருங்கள். இதழ்களின் வளைவிலே எமக்குக் குறை தெரியவில்லை. மூலைகளை மட்டும் உற்று நோக்குக. பூவைச் சுற்றியுள்ள சட்டத்தின் நான்கு உள்மூலைகளும் உருண்டையாயிருக்கும். சுழல்கிற கட்டர் வட்டமானது. அதன் அரைவிட்டத்திலும் கூர்மையான உள்மூலையை அதனால் ஒருபோதும் வெட்டமுடியாது. இன்னும் சிறிய கட்டர் மாட்டினால் உருண்டை சிறுக்குமேயன்றி மறையாது. இதை ஆசாரியார் அப்புவிடம் சொன்னோம். அவருடைய உளிப்பெட்டி இடப்பெயர்விலே போனது. பின்பு வாங்கியவை நான்கே. அவற்றில் ஒன்றைத் தீட்டிக்கொண்டு வந்து முதலாவது மூலையைக் கால்மணி நேரத்துக்குள் சதுரமாக்கினார். கை சற்று நடுங்குகிறது. ஆனால் உளி மரத்தைத் தொட்டபின் நடுங்கவில்லை.

மற்ற மூன்று மூலைகளை எம்மையே வெட்டச் சொல்லியிருக்கிறார். மூன்றாவது பலகையை ஞாயிறு காலையிலே யந்திரத்தில் ஏற்றுகிறோம். அதற்கு முன் பரீட்சிப்பதற்குக் கருகிய பலகையின் பின்புறம் இருக்கிறது. அதையே உபயோகிக்கும்படி சொன்னவர் பலகையைத் தந்த பெரியவர்தான். வர விரும்பும் தோழர்கள் கண்ணாடியுடன் வருக.